ரைட் க்ளிக், டெலிட், முடிஞ்சது

டிஸ்கி: நீளமான பதிவு. கொஞ்சம் கணினி, கொஞ்சம் சொந்தக் கதை, நிறையக் கடுப்பு. நேரமில்லாதவங்க நேரா கடைசிப் பத்திக்குப் போயிடுங்க. அங்க உங்ககிட்ட ஒரு உதவி கேட்டிருக்கேன்.

போன வாரம் ஒரு தம்பி கூப்பிட்டார். சொந்த டொமைன் வாங்கி இப்பத்தான் எழுத வந்திருக்கார். நல்லாவே எழுதுறார். பேச்சு எங்கெங்கேயோ சுத்திட்டு சர்வர்ல கோப்பு ஏத்துற விஷயத்துக்கு வந்துச்சு. "என்னண்ணே நீங்க, இன்னும் ஃபைல்ஸில்லாவைக் கட்டிக்கிட்டு அழறீங்க? இப்பெல்லாம் ப்ரவுசர்லயே முடியுதுண்ணே. ஃபைல் மேனேஜரைத் திறந்தா நம்ம கம்ப்யூட்டர் மாதிரியே இருக்கு. ரைட் க்ளிக், டெலிட், முடிஞ்சது"ன்னார்.

ஆமா தம்பி, முடிஞ்சுதான் போச்சு. எனக்கு 2018லயே முடிஞ்சு போச்சு.

அவர்கிட்ட அப்ப எதுவும் சொல்லலை. சொல்ல ஆரம்பிச்சா குரல் ஏறிடும்னு தெரியும். "அப்புறம் பேசுறேன்"னு வெச்சுட்டேன். அந்த அப்புறம்தான் இது. அவர் மேல எனக்குக் கோபமில்லை. "நம்ம கம்ப்யூட்டர் மாதிரியே"ன்னு ஒரு வார்த்தை சொன்னார் பாருங்க, அந்த வார்த்தையை அவர் வாயில ஊட்டி விட்டவங்க மேலதான் கோபம்.

பிளாக்கர்ல எழுதுறவங்க "நமக்கென்ன"ன்னு தாண்டிப் போயிடாதீங்க. என்னைக்காவது ஒரு நாள் வாடகை வீட்டுல இருந்து சொந்த வீட்டுக்குப் போகணும்னு ஆசை வரும். வருஷத்துக்கு இவ்வளவுன்னு கட்டி எங்கேயோ ஒரு சர்வர்ல இடம் வாங்குவீங்க. அந்தப் பொட்டி அமெரிக்காவுல இருக்கா சிங்கப்பூர்ல இருக்கான்னுகூட நமக்குத் தெரியாது. அதுக்குள்ள கிடக்கிற நம்ம கோப்புகளைப் பார்க்க, ஏத்த, இறக்க, பேர் மாத்த, அழிக்க இடம் வித்த கம்பெனிக்காரங்க ஒரு வலைப்பக்கம் கொடுப்பாங்க. இடது பக்கம் மரம் மாதிரி ஃபோல்டர் வரிசை, வலது பக்கம் கோப்புப் பட்டியல், மேல நாலஞ்சு பொத்தான், ஃபோல்டருக்கு ஒரு மஞ்சள் படம். இதுதான் ஃபைல் மேனேஜர்.

பார்க்க அச்சு அசல் விண்டோஸ் மாதிரியே இருக்கும். வினையே அங்கதான்.

நம்ம கம்ப்யூட்டர்ல ஒரு கோப்பைப் பிடிச்சு இழுத்தா, கோப்பும் நாமளும் ஒரே பொட்டியில இருக்கோம். நடந்தா நடந்துச்சுன்னு தெரியும், நடக்கலைன்னா உடனே கத்தும். ப்ரவுசர்ல தெரியறது அப்படி இல்லைங்க. அது எப்பவோ எடுத்த போட்டோ. பக்கம் திறந்த நிமிஷத்துல சர்வர்ல என்ன இருந்துச்சோ அதோட பட்டியல். நீங்க க்ளிக் பண்றது கோப்பைத் தொடுறது இல்லை, ஒரு தபால் கார்டு எழுதிப் பெட்டியில போடுறது. அந்தப் பக்கம் யாரோ அதைப் படிச்சு, செஞ்சு, பதில் போடணும். பாதி செஞ்சுட்டுப் பாதியில விட்டாலும், கார்டே போய்ச் சேரலைன்னாலும், திரையில அந்த மஞ்சள் படம் சிரிச்சுக்கிட்டே இருக்கும்.

சும்மா சொல்லலை. பிஎச்பில எழுதின ஃபைல் மேனேஜர் ஏதாச்சும் ஒண்ணை எடுத்துக்கங்க. பிஎச்பி வர்றப்பவே ஒரு கோப்பு 2 எம்பிக்கு மேல ஏறக் கூடாதுன்னுதான் வரும், மொத்தமா அனுப்புறது 8 எம்பிக்கு மேல கூடாது. கம்பெனிக்காரங்க இதை ஏத்தி வெச்சிருப்பாங்க, எவ்வளவுக்குன்னு எங்கேயோ மூலையில எழுதியிருக்கும். அந்த ரெண்டாவது எல்லையைத் தாண்டி ஒரு பெரிய கோப்பை அனுப்பினா என்ன நடக்கும் தெரியுமா? பிஎச்பி வந்ததை மொத்தமாத் தூக்கிப் போட்டுட்டு நிரலுக்கு வெறும் கையைக் காட்டும். கோப்பு வந்துச்சாங்கிறதே அந்த ஃபைல் மேனேஜருக்குத் தெரியாது. எழுதினவன் கவனமா இதுக்குன்னு தனியாப் பார்த்து எழுதியிருந்தா உண்டு. இல்லைன்னா பக்கம் மறுபடி திறக்கும், அவ்வளவுதான். நாம ஏறிடுச்சுன்னு நினைச்சு டீ குடிக்கப் போயிடுவோம்.

அப்புறம் அந்த 4 கேபி. இதைக் கவனிச்சிருக்கீங்களா? நிறைய ஃபைல் மேனேஜர்கள்ல பெரும்பாலான ஃபோல்டருக்கு அளவு 4 கேபின்னு போட்டிருக்கும். காலியா இருந்தாலும் 4 கேபி, உள்ள பெரிய பெரிய படங்கள் இருந்தாலும் 4 கேபி. லினக்ஸ்ல ஃபோல்டருங்கிறது பெயர்ப் பட்டியல் எழுதின ஒரு சீட்டு. அந்தச் சீட்டோட அளவுதான் 4 கேபி. தெரிஞ்சவனுக்கு அது சரி. தெரியாத நாம அந்த எண்ணைப் பார்த்துட்டு என்ன புரிஞ்சுக்கணும்? வீட்டோட எடை எவ்வளவுன்னு கேட்டா வாசல்ல மாட்டின பெயர்ப்பலகையோட எடையைச் சொல்ற கதை.

சரி, என் கதைக்கு வர்றேன்.

எனக்கு ஒரு நண்பர் இருந்தார். பதிவர். என்னைவிட மூத்தவர், அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். 2006ல இருந்து எழுதினார். பதிவுலகச் சண்டை எதுலயும் தலையைக் கொடுக்க மாட்டார். லீவு நாள்ல ஒரு சின்ன ரெக்கார்டரைத் தூக்கிக்கிட்டு சிவகங்கைப் பக்கம் கிராமம் கிராமமாப் போவார். கிழவிகள் பக்கத்துல உட்கார்ந்து தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் பதிவு பண்ணிட்டு வருவார். எந்த ஊர், யார் பாடினது, அந்தம்மா யாருக்காக அதை முதல்ல பாடினாங்க, அது அத்தனையும் பதிவா எழுதி, கூடவே பாட்டையும் ஏத்தி வெப்பார். மொத்தம் 61 பாட்டு. பின்னூட்டம் ரெண்டு மூணுதான் வரும், அதுல ஒண்ணு என்னுது. அவர் கவலைப்பட்டதே இல்லை.

2016ல போயிட்டார். மாரடைப்பு. காரியம் எல்லாம் முடிஞ்ச பிறகு அண்ணி ஒரு கவரைக் கொடுத்தாங்க. அதுல தளத்தோட பாஸ்வேர்டு. "நீங்க பார்த்துக்கங்க தம்பி, எங்களுக்கு இதெல்லாம் தெரியாது"ன்னாங்க. ரெண்டு வருஷம் பணம் கட்டிப் பார்த்துக்கிட்டேன். 2018ல அந்தக் கணக்கு புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்துச்சு. எதுக்கு ரெண்டு இடத்துக்கு வாடகை, எல்லாத்தையும் என் இடத்துக்கே கொண்டு வந்துடலாம்னு ஒரு சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தேன்.

அந்தக் கம்பெனி பேரு வேண்டாம். அவங்க கொடுத்திருந்த திட்டத்துல எஸ்எஃப்டிபி கிடையாது, அதுக்குத் தனிக்காசு. ப்ரவுசர் வழிதான். ப்ரவுசர்ல ஒரு ஃபோல்டரை அப்படியே இறக்க முடியாது, ஒவ்வொரு கோப்பா இறக்கலாம், இல்லைன்னா சர்வர்லயே ஜிப் பண்ணி ஒரே கோப்பா இறக்கலாம். பாட்டு இருந்த ஃபோல்டரை ஜிப் பண்ணேன். எம்பி3 ஜிப்புல சுருங்காது, 371 எம்பி வந்துச்சு. இப்ப கணக்குல இடம் நிறைஞ்சு போச்சு. அடுத்த ஃபோல்டரை ஜிப் பண்ணணும்னா முதல்ல முடிஞ்சதைக் காலி பண்ணியாகணும். ஜிப்பை இறக்கினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுச்சு. ப்ரவுசர் "டவுன்லோட் முடிந்தது"ன்னு சொல்லுச்சு. சரின்னு அந்த ஃபோல்டரையும் ஜிப்பையும் தேர்ந்தெடுத்து ரைட் க்ளிக், டெலிட். ரெண்டு செகண்ட். இறக்குறதுக்கு ஒரு மணி நேரம் எடுத்த அதே பொட்டி, அழிக்கிறதுக்கு ரெண்டு செகண்ட் எடுத்துக்குச்சு.

பதிவுகள் எல்லாம் டேட்டாபேஸ்ல இருந்து பத்திரமா வந்துடுச்சு. அதைப் புது இடத்துல ஏத்தி, படங்களைச் சரி பண்ணி, "பாட்டுகளை அப்புறம் ஏத்திக்கலாம்"னு வெச்சுட்டேன். நம்ம அப்புறம் எப்ப வரும்னு உங்களுக்கே தெரியும். எட்டு மாசம் கழிச்சு அண்ணனோட மகள் கூப்பிட்டுச்சு. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கு. "சித்தப்பா, அப்பா எங்க அப்பத்தாவைப் பாட வெச்சு ஒரு தாலாட்டு ரெக்கார்ட் பண்ணாங்கல்ல, அதை அனுப்புறீங்களா?"

ஜிப்பைத் திறந்தேன். திறக்கலை. அளவைப் பார்த்தேன். 229 எம்பி.

என்ன நடந்துச்சுன்னு பிற்பாடுதான் புரிஞ்சுது. சர்வர்ல ஒரு வேண்டுகோள் எவ்வளவு நேரம் ஓடலாம்னு ஒரு எல்லை இருக்கு. அந்த ஃபைல் மேனேஜர் ஜிப்பைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டே இருந்திருக்கு. எல்லை வந்ததும் சர்வர் குழாயை மூடிடுச்சு. "மொத்தம் 371 எம்பி வரும்"னு முதல்லயே ஒரு வரி சொல்லியிருந்தா, குறைஞ்சது ப்ரவுசருக்குத் தெரிஞ்சிருக்கும், தோல்வின்னு காட்டியிருக்கும். அந்த வரியை அது அனுப்பவே இல்லை. தண்ணி நின்னதும் ப்ரவுசர் குடம் நிறைஞ்சிடுச்சுன்னு நினைச்சுக்கிச்சு. இன்னொண்ணு, ஜிப்புக்குப் பொருளடக்கம் கோப்போட வால்ல இருக்கும். வால் அறுந்தா திறக்கிற மென்பொருளுக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. அறுந்த ஜிப்பை ஒட்டுப் போடுற வழி ஒண்ணு இருக்கு, அதைப் பண்ணி முன்பக்கத்துல முழுசா இருந்த 38 பாட்டை மீட்டேன். அப்பத்தா பாட்டு 52ஆவது.

பழைய கம்பெனிக்கு எழுதினேன். கணக்கு முடிஞ்சு மாசக்கணக்காச்சு, எங்ககிட்ட எதுவும் இல்லைன்னு மரியாதையாப் பதில் வந்துச்சு. இணையக் காப்பகத்துலயும் தேடினேன். பக்கம் இருக்கு, அவர் எழுதினது இருக்கு, பாட்டு இல்லை. அண்ணனோட ரெக்கார்டர், பழைய கம்ப்யூட்டர் எல்லாம் எப்பவோ எடைக்குப் போயிடுச்சு.

இப்ப ஒருத்தர் கிளம்புவார் பாருங்க, "அளவைச் சரிபார்க்காதது உங்க தப்பு"ன்னு. ஆமாங்க, என் தப்புதான். சர்வர்ல 371ன்னு போட்டிருந்துச்சு, என் கம்ப்யூட்டர்ல 229ன்னு இருந்துச்சு, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கிற புத்தி எனக்கு இல்லை. ராத்திரி ஒரு மணி. இதை யார்கிட்டயும் மறைக்கலை, அண்ணிகிட்டயும் சொல்லிட்டேன். ஆனா ஒரு கேள்வி. எஸ்எஃப்டிபி மென்பொருள் எதையாவது எடுத்துக்கங்க. கோப்பு எவ்வளவு பெருசுன்னு முதல்லயே அதுக்குத் தெரியும். பாதியில அறுந்தா சிவப்புல காட்டும். விட்ட இடத்துல இருந்து தொடரும். ஃபோல்டரை அப்படியே இறக்கும், ஜிப்பும் வேண்டாம், இடம் காலி பண்ணவும் வேண்டாம். என்னை மாதிரி ஒரு மணிக்குத் தூங்கி விழறவனைக் காப்பாத்துறதுக்குத்தான் அதெல்லாம். அதைத் தனிக்காசுக்கு வெச்சுட்டு, கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கிற வழியை "சுலபமானது"ன்னு இலவசமாக் கொடுத்தாங்களே, அதுல அவங்க பங்கு எதுவும் இல்லையா?

இன்னொரு கொடுமை இருக்கு. இது தமிழ்ல எழுதுற நம்மளை நல்லாவே பதம் பார்க்கும். ஃபைல் மேனேஜர்ல "எடிட்"னு ஒரு பொத்தான். ஒரு எழுத்துப் பிழை திருத்தணும், அவ்வளவுதான்னு அமுக்குவோம். யுனிகோட் யுடிஎஃப்-8ல தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் மூணு பைட்டு. முதல் பைட்டு எப்பவும் 224, ரெண்டாவது 174 இல்லைன்னா 175. எடிட்டர் இதை ஐரோப்பிய எழுத்துன்னு நினைச்சுத் திறந்துச்சுன்னு வைங்க, 224ங்கிறது தலையில கோடு போட்ட குட்டி 'ஏ', 174ங்கிறது வட்டத்துக்குள்ள 'ஆர்'. பார்த்திருப்பீங்களே, பக்கம் பூரா குட்டி 'ஏ'யும் வட்ட 'ஆரு'மா கொட்டிக் கிடக்கிறதை? அது நம்ம தமிழ்தான். அப்படியே சேமிச்சீங்கன்னா கோப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்காகும், ஆனா பின்னாடி போய்ச் சரி பண்ணிடலாம். சில எடிட்டர்கள் சரியாத் திறந்துட்டுச் சேமிக்கும்போது ஐரோப்பிய முறையில சேமிக்கும். அப்ப தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் கேள்விக்குறி ஆகும். அதுக்கு வைத்தியமே கிடையாது. திஸ்கி காலத்துல எழுத்துருவை மாத்தினா படிக்க வந்துடும், எழுத்து உள்ள உசுரோட இருக்கும். கேள்விக்குறி அப்படி இல்லை, எரிச்ச சாம்பல். நல்ல ஃபைல் மேனேஜர்கள் திறக்கிறதுக்கு முன்னாடி எந்தக் குறியாக்கம்னு கேட்கும். நாமளும் அது என்னன்னு படிக்காம சரின்னு அமுக்குவோம்.

இதுவரைக்கும் சொன்னது நம்ம கோப்பை நாமே தொலைக்கிற கதை. அடுத்தவன் வந்து எடுத்துக்கிட்டுப் போற கதை தனி.

அனுமதி எண்கள் தெரியும்தானே? மூணு இலக்கம்: முதல்ல சொந்தக்காரர், அடுத்து குழு, அடுத்து ஊர்ல எல்லாரும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினா 7. 2000களோட பாதி வரைக்கும் நிறையப் பகிர்வு சர்வர்கள்ல பிஎச்பி நம்ம பேர்ல ஓடாது, "நோபடி"ங்கிற பொதுப் பேர்ல ஓடும். அதனால நாம சர்வர்ல ஏத்தி வெச்ச ஒரு பிஎச்பி ஃபைல் மேனேஜர் வழியா உருவாக்கின கோப்புக்குச் சொந்தக்காரர் "யாருமில்லை". அதை எஃப்டிபில போய் அழிக்கப் போனா "உனக்கு உரிமை இல்லை"ன்னு சொல்லும். என் வீட்டுப் பாத்திரம், நான் தொடக் கூடாது! இதுக்குக் கேட்ட இடத்துல எல்லாம் ஒரே பதில், "777 போடு". ஒன்பது கட்டத்துலயும் டிக். பிரச்சினை போயிடும். வாசக்கதவும் போயிடும். இப்ப பெரும்பாலான இடங்கள்ல பிஎச்பி நம்ம கணக்குப் பேர்லயே ஓடுது, 777க்குத் தேவையே இல்லை. ஆனா அந்த நாட்டு வைத்தியம் இன்னும் புழக்கத்துல இருக்கு.

அதைவிடப் பெரிய கூத்து, தளத்துக்குள்ளயே ஃபைல் மேனேஜரைச் செருகி வைக்கிறது. 2020 செப்டம்பர் 1ஆம் தேதி நடந்தது ஞாபகம் இருக்கா? வேர்ட்பிரஸ்ஸுக்கு "டபிள்யூபி ஃபைல் மேனேஜர்"னு ஒரு செருகுநிரல். 7 லட்சம் தளங்களுக்கு மேல ஓடிக்கிட்டிருந்துச்சு. அது எல்ஃபைண்டர்ங்கிற திறமூலத் தொகுப்பை உள்ள வெச்சிருந்துச்சு. அந்தத் தொகுப்புல மாதிரிக்குன்னு ஒரு கோப்பு வரும். நேரா ஓடக் கூடாதுன்னுதான் அதோட பேருக்கு வேற வால் போட்டு வெச்சிருந்தாங்க. செருகுநிரல்ல அந்த வாலை எடுத்துட்டாங்க. அவ்வளவுதான் தப்பு. உள்நுழையாம, பாஸ்வேர்டு இல்லாம, உலகத்துல யார் வேணா அந்தக் கோப்பைக் கூப்பிட்டு சர்வர்ல என்ன வேணா ஏத்தலாம்னு ஆயிடுச்சு. ஃபின்லாந்துல இருக்கிற ஒரு ஹோஸ்டிங் கம்பெனி கண்டுபிடிச்சுச் சொன்னப்பவே தாக்குதல் நடந்துக்கிட்டிருந்துச்சு. அன்னைக்கே 6.9 பதிப்பு வந்து ஓட்டையை அடைச்சுட்டாங்க, அது வேற. ஆனா யோசிச்சுப் பாருங்க, அந்த 7 லட்சம் பேர்ல எத்தனை பேருக்கு அது தினம் தேவைப்பட்டிருக்கும்? வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒரு கோப்பைத் தொடறதுக்காக, 365 நாளும் வாசல்ல சாவியைத் தொங்க விட்டிருந்தாங்க.

"இதெல்லாம் நம்மள மாதிரி சில்லறைங்களுக்கு, பெரிய கம்பெனிங்க உஷாரா இருப்பாங்க"ன்னு நினைச்சா, 2023 மே மாசக் கடைசியைப் பாருங்க. மூவ்இட்னு ஒரு மென்பொருள். பெரிய நிறுவனங்கள் ரகசியக் கோப்புகளை வலைப்பக்கம் வழியா அனுப்பி வாங்க காசு கொடுத்து வெச்சிருந்தது. அந்த வலைப்பக்கத்துல ஒரு ஓட்டை. கிளாப்ங்கிற கும்பல் உள்ள புகுந்துச்சு. அதுல "ஹியூமன்"னு ஏற்கனவே ஒரு நல்ல கோப்பு இருந்துச்சு, இவங்க பக்கத்துலயே "ஹியூமன்2"ன்னு ஒண்ணை வெச்சுட்டுப் போனாங்க. பட்டியலைப் பார்க்கிறவன் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பிபிசி, பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர்களோட விவரம்கூட அவங்க சம்பளப் பட்டியல் போடுற நிறுவனம் வழியாப் போச்சு. மொத்தத்துல 2,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மாட்டிக்கிச்சு.

உடனே கறுப்புத் திரை மேதாவிகள் எழுந்து கைதட்டுவாங்க. "அதான் சொல்றோம், கமாண்ட் அடிக்கத் தெரியாதவன் சர்வர் பக்கம் வரக் கூடாது." ஐயா சாமிகளா, உங்க பக்கமும் வர்றேன். 2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லேப்ல ஒரு பொறியாளர் ராத்திரி வேலை பார்த்துக் களைச்சுப் போய், தப்பான சர்வர்ல உட்கார்ந்து கமாண்ட் அடிச்சு டேட்டாபேஸை அழிச்சார். 300 ஜிபி, சுதாரிச்சு நிறுத்தினப்ப மிச்சம் 4.5 ஜிபி. உலகத்துக்கே நிரல் சேமிச்சுக் கொடுக்கிற இடம். அவங்க அதை ஒளிக்காம எழுதினாங்க, சரி பண்றதையே யூட்யூப்ல நேரலையாக் காட்டினாங்க, அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். கறுப்புத் திரை மட்டும் என்ன காவல் தெய்வமா?

எஃப்டிபியைக் கட்டிக்கச் சொல்றேன்னும் நினைச்சுக்காதீங்க. அதோட முதல் வடிவத்தை 1971 ஏப்ரல்ல எழுதினவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியோட முதல் செட்டு மாணவர். நம்ம நாட்டு ஆளுன்னு பெருமைப்படலாம். ஆனா அது ஒருத்தரையொருத்தர் தெரிஞ்ச நாலு பேர் இருந்த காலத்து வலை. பாஸ்வேர்டு அஞ்சலட்டை மாதிரி திறந்தபடியே போகும். 2009ல கம்ப்ளார்னு ஒண்ணு வந்துச்சே, தளக்காரங்க கம்ப்யூட்டர்ல புகுந்து எஃப்டிபி பாஸ்வேர்டைத் திருடி, அதை வெச்சே அவங்க தளத்துல விஷம் ஏத்துச்சு. 2021ல ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் எஃப்டிபியைத் தூக்கிக் கடாசிட்டாங்க. போகட்டும். நான் சொல்றது எஸ்எஃப்டிபி. ஒரு எழுத்து கூட, மத்தபடி வேற ஜாதி.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பதிவர் மளிகைக் கடையில உட்கார்ந்துக்கிட்டு போன்லயே எழுதுறார். அவருக்குக் கம்ப்யூட்டரே கிடையாது. அவரைப் போய் சாவி உருவாக்கு, கமாண்ட் அடின்னு சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கு ப்ரவுசர் வழிதான் வழி. அது இருக்கட்டும். ஆனா அது தளத்துக்கு வெளிய, கம்பெனியோட பேனலுக்குள்ள, தனிப் பூட்டோட இருக்கட்டும். தளத்துக்குள்ள செருகுநிரலா ஒண்ணு கிடந்தா இன்னைக்கே பிடுங்கி எறியுங்க. வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கத்துலயே தீம் கோப்பைத் திருத்துற எடிட்டர் ஒண்ணு இருக்கு, கன்ஃபிக் கோப்புல ஒரே ஒரு வரி சேர்த்தா அதுவும் மூடிக்கும். பார்க்கிறதுக்கும் ஒண்ணு ரெண்டு ஏத்துறதுக்கும் ப்ரவுசரை வெச்சுக்கங்க. அழிக்கிறதை மட்டும் அங்க பண்ணாதீங்க. பண்ணித்தான் ஆகணும்னா, இறக்கின ஜிப்பைத் திறந்து கடைசிக் கோப்பை ஓட விட்டுப் பார்த்துட்டு அழிங்க. முதல் கோப்பு இல்லைங்க, கடைசி.

இடம் விக்கிறவங்களுக்கு: எஸ்எஃப்டிபிக்குத் தனிக்காசு கேட்கிறதை நிறுத்துங்க. லாக்கருக்குப் பூட்டு வேணும்னா தனிக்காசுன்னு எந்த பேங்க்காவது சொல்லுதா? ஃபோல்டர் பக்கத்துல உள்ள எத்தனை கோப்பு, மொத்தம் எவ்வளவுன்னு எழுதுங்க. இறக்குறப்ப அளவை முதல்லயே சொல்லுங்க, அறுந்தா அறுந்துச்சுன்னு சொல்லுங்க. அழிச்சதை ஒரு மாசம் ஓரமா வெச்சிருங்க. விளம்பரத்துல "உங்கள் கணினி போலவே"ன்னு போடுறீங்களே, என் கணினியில குப்பைத்தொட்டி இருக்கு. உங்க பேனல்ல எனக்கு அது இல்லை.

தம்பி, இவ்வளவும் உங்களுக்குத்தான். நீங்க போன்ல சொன்னதுக்கு நான் பதில் சொல்லாம வெச்சது இதனாலதான்.

பி.கு: அண்ணனோட தளத்துல இருந்த 61 பாட்டுல 23 என்கிட்ட இல்லை. 39ல இருந்து 61 வரைக்கும். 2006க்கும் 2016க்கும் நடுவுல அவரைப் படிச்சவங்க இங்க சில பேர் இருக்கீங்க, நான் யாரைச் சொல்றேன்னு உங்களுக்குத் தெரியும். அப்ப யாராச்சும் ஒண்ணு ரெண்டு பாட்டை இறக்கி வெச்சிருந்தீங்கன்னா, பழைய சிடி, பென்டிரைவ், மெமரி கார்டுன்னு எங்கேயாச்சும் கிடக்குதான்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. கோப்போட பேரு வெறும் எண்ணுதான். 52ஆம் நம்பர்ல பின்னாடி ஆடு கத்துற சத்தம் கேட்கும், பாதியில ஒரு குழந்தை சிரிக்கும். அதோட பேத்திக்கு இப்ப ஆறு வயசு முடிஞ்சிருச்சு.